பந்து வீச்சாளரின் தோள்பட்டை

சிகாகோவில் உழைக்கிறவர்களுக்காகப் பேசிக்கொண்டிருந்த கடைசி வானொலி நிலையத்தையும் விற்றுத் தொலைத்தார்கள். வாங்கியவர்கள் நாள் முழுக்க பேஸ்பால் அரட்டை அடித்தார்கள். பேருந்து ஓட்டி ஓய்வு பெற்ற பெர்னடீன், காலைக் காப்பியோடு அந்த நிலையத்தை அழைத்து முதலாளிகளைக் கிழித்து வந்தவள். ஆள் மாறினால் என்ன, தொலைபேசி எண் அதேதானே? அழைத்தாள்.

"எதைப் பத்திப் பேசப்போறீங்க?" என்றான் அழைப்புகளை எடுக்கும் டெரன்ஸ். அதைச் சொன்னால்தான் உள்ளே விடுவார்கள்.

"நம்ம பந்து வீச்சாளரோட தோள்பட்டை."

உடனே இணைத்தான்.

"அவருக்கு ஒரே வாரத்துல ஆபரேஷன் முடிஞ்சிருச்சு. சந்தோஷம்," என்றாள் பெர்னடீன். "எங்க பக்கத்து வீட்டு நர்ஸுக்கும் தோள்தான் போச்சு, நோயாளிங்களத் தூக்கித் தூக்கி. இன்சூரன்ஸ்காரன் வருஷக்கணக்கா இழுத்தடிக்கிறான். அவ தோளு என்ன தகரமா?"

"அம்மா, இது விளையாட்டு நிகழ்ச்சி," என்றார் தொகுப்பாளர்.

"நானும் தோளைப் பத்தித்தானே பேசுறேன்?"

துண்டித்துவிட்டார். அடுத்து வந்தவர் கூரை வேய்கிற தொழிலாளி. நேற்றைய ஆட்டத்தைப் பற்றிப் பேச வந்தவர், "அந்தம்மா சொன்னது சரிதாங்க. என் முட்டிக்கும் இதே கதைதான்," என்று ஆரம்பித்தார்.

பெர்னடீன் மறுபடியும் எண்ணை அழுத்தினாள்.

"திரும்ப நீங்களா? இப்ப எதைப் பத்தி?" என்றான் டெரன்ஸ்.

"முட்டியைப் பத்தி."