அவள் பக்கத்துப் பூட்டு

அவருக்கு ஊர் வைத்த பெயர் லோ கியர். நடையும் அப்படித்தான், பேச்சும் அப்படித்தான். ஒரு கேள்வி கேட்டுவிட்டு ஒரு டீ குடித்துவிட்டு வந்தால் பதில் தயாராக இருக்கும். ஆனாலும் மலைமேல் குடியிருப்புக்குப் போகிறவர்கள் அவர் வண்டிக்காகத்தான் காத்திருப்பார்கள். வேகமாகப் போகிற வண்டிகள் இரண்டு இருக்கத்தான் செய்தன. உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு போய் வர யாருக்கு ஆசை?

வண்டி பழையது, பெரியது. நான்கு சக்கரமும் இழுக்கிற டீசல் வண்டி. முன்னால் இரண்டு இருக்கை, பின்னால் எதிரெதிராகப் பலகை போட்டுப் பத்துப் பேர். பதினோராவது ஆளை அவர் ஏற்ற மாட்டார். தலைகீழாக நின்றாலும் ஏற்ற மாட்டார். ஒருமுறை சொந்த மச்சானையே பதினோராவது ஆள் என்று இறக்கிவிட்டார். மச்சான் இரண்டு வருஷம் வீட்டுப் பக்கம் வரவில்லை. "என் தம்பிதானே, எனக்கு அவனைத் தெரியாதா? ரெண்டு வருஷம் நிம்மதியா இருந்தேன்" என்று அவர் மனைவியே பிறகு சொன்னாள்.

வாங்கும்போதே இன்னொருவர் ஓட்டித் தேய்த்த வண்டி. கொஞ்சம் வேகம் எடுத்தால் ஸ்டியரிங் கிடுகிடுவென்று ஆடும். மெக்கானிக் மூன்று நாள் பார்த்துவிட்டுக் கையை விரித்தார். இவர் முன் அச்சையே கீழே இறக்கி, தேய்ந்த பேரிங்குகளைக் கழற்றி, பழைய இரும்புக் கடைகளில் அலைந்து அதே அளவில் தேடிப் போட்டார். பதினைந்து நாள் ஆனது. அன்றைக்கு நின்ற ஆட்டம் பிறகு வரவே இல்லை. தளத்தில் துரு ஏறினால் சுரண்டித் தகடு வைப்பார். ஸ்பிரிங் பட்டை முறிந்தால் ஒன்றை மட்டும் மாற்ற மாட்டார், இரண்டு பக்கமும் மாற்றுவார். சமதளத்தில் நிறுத்தினாலும் சக்கரத்துக்குக் கட்டை வைக்காமல் நகர மாட்டார். பார்க்கிறவர்கள் சிரிப்பார்கள். அவர் அதைக் காதிலேயே போட்டுக்கொள்ள மாட்டார்.

இந்த மாதிரிப் பழைய வண்டிகளில் ஒரு விஷயம் உண்டு. முன் சக்கரங்கள் எப்போதும் இன்ஜினோடு சேர்ந்திருக்காது. நல்ல சாலையில் அவை சும்மா உருண்டால் போதும். சரிவு வந்தால்தான் வண்டியை நிறுத்தி, இறங்கி, ஒவ்வொரு முன் சக்கரத்தின் நடுவிலும் இருக்கிற திருகைக் கையால் திருப்பிப் பூட்ட வேண்டும். இரண்டு பக்கமும் பூட்ட வேண்டும். ஒரு பக்கம் விட்டுப்போனால் அந்தப் பக்கம் வெறுமனே சுற்றும், பூட்டிய பக்கமும் உதவாது. முன் சக்கரங்கள் இருந்தும் இல்லாத கதைதான்.

பூட்டுவது ஒரு ஆள் வேலை. இந்தப் பக்கம் திருப்பிவிட்டு அந்தப் பக்கம் நடந்து போய்த் திருப்ப அரை நிமிஷம் ஆகாது. ஆனால் கல்யாணமான புதிதில் மனைவியிடம் அவர் வேறு மாதிரி சொன்னார். இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் திருப்ப வேண்டும், இல்லாவிட்டால் உள்ளே பல் உடைந்துவிடும், கூட ஒரு ஆள் கட்டாயம் வேண்டும் என்றார். வண்டியைவிடப் பெரிய பொய். நீ பக்கத்தில் உட்கார்ந்து வந்தால் எனக்கு நன்றாக இருக்கும் என்று நேராகச் சொல்லியிருக்கலாம். சொன்னால் வாயிலிருந்து முத்து உதிர்ந்துவிடுமே!

அவள் வந்தாள். ஒரே மாதத்தில் மெக்கானிக் மூலம் உண்மை தெரிந்துவிட்டது. அவள் காட்டிக்கொள்ளவில்லை. எப்போதாவது சமையல் வேலை மிச்சமிருக்கும்போது மட்டும், "ஏங்க, இன்னைக்கு நான் வரலைன்னா பல்லு உடைஞ்சிடுமில்ல?" என்று கேட்பாள். "உடைஞ்சிடும்" என்பார் அவர், முகத்தை எங்கேயோ வைத்துக்கொண்டு.

இருபத்தாறு வருஷம். பள்ளிக்கூட வயது வந்ததும் மகளைப் பள்ளியில் விட்டுவிட்டு அவள் வண்டியில் ஏறிவிடுவாள். யார் எங்கே உட்காருவது, எந்த மூட்டை கூரைமேல் போவது எல்லாம் அவள் பொறுப்பு. சரிவு வந்ததும் அவர் தன் பக்கம் இறங்குவார், அவள் தன் பக்கம் இறங்குவாள். அவர் பூட்டிவிட்டு ஏறி உட்கார்ந்துவிடுவார். அவள் பூட்டி முடித்ததும் விரல் முட்டியால் பானட்டில் இரண்டு தட்டு தட்டிவிட்டு ஏறுவாள். அதன் பிறகுதான் அவர் கை முன் சக்கரங்களை இன்ஜினோடு சேர்க்கிற லிவருக்குப் போகும்.

காய்ச்சல் என்று படுத்தவள் ஒன்பதாம் நாள் போய்விட்டாள். ஆஸ்பத்திரிக்கு அவர்தான் வண்டியில் கொண்டுபோனார். வழியெல்லாம் நல்ல தார்ச்சாலை, ஒரு மேடு பள்ளம் இல்லை. எத்தனையோ பேரைச் சேற்றிலும் சரிவிலும் பத்திரமாக இறக்கிவிட்ட மனிதர், சமமான சாலையில் கொண்டுபோன தன் மனைவியைத் திரும்பக் கொண்டுவர முடியவில்லை. அந்த வயிற்றெரிச்சலை யாரிடம் சொல்வது?

மருந்துக்கடையில் வேலை பார்க்கிற மகள், வண்டியை விற்றுவிட்டுத் தன்னோடு வந்துவிடச் சொன்னாள். "ரெண்டு பேரா பாத்த வேலைப்பா. இந்த வயசுல ஒத்தை ஆளா எதுக்கு? பின்னாடி பத்து உசிரு உக்காந்திருக்கு." அவர் அசைந்து கொடுக்கவில்லை. வீட்டில் அவள் புடவைகளை மகள் எடுத்து மடித்து வைத்துவிட்டாள், படத்தை மாட்டிவிட்டாள். வண்டியில்தான் அவள் இருந்தாள். அதை விற்றுவிட்டு எதோடு உட்காருவது என்று அவருக்குத் தெரியவில்லை.

முன் இருக்கையில் யாரும் உட்காரவில்லை. அவர் வேண்டாம் என்று சொல்லவில்லை, அவர்களாகவே பின்னால் ஏறிக்கொண்டார்கள். சரிவு வரும்போது இரண்டு பக்கத்தையும் அவரே பூட்டினார். மறந்துவிடக் கூடாதென்று வாய்விட்டுச் சொல்லிக்கொள்வார். "என் பக்கம் ஆச்சு. அவ பக்கம் ஆச்சு." எட்டு மாதம் அப்படி ஓடியது.

பிறகு அந்த மதியம் வந்தது. காலையில் மழை பெய்து ஓய்ந்திருந்தது. மேலே பள்ளிக்கூடம் முடிந்து டீச்சரும் இன்னும் ஆறு பேரும் ஏறியிருந்தார்கள். டீச்சர் தன் சின்ன மகளை மடியில் வைத்திருந்தார். இறக்கம் தொடங்குகிற இடத்தில் வண்டியை நிறுத்தினார், இறங்கினார், தன் பக்கம் பூட்டினார், ஏறி உட்கார்ந்தார். கண்ணாடியில் படிந்த ஆவியைத் துணியால் துடைத்தார். பிறகு லிவரைத் தள்ளி, லோ கியரில் போட்டு, வண்டியைச் சரிவில் இறக்கினார்.

முதல் வளைவு வரைக்கும் ஒன்றும் தெரியவில்லை. சேறு ஆழமான இடத்தில் முன்பக்கம் பிடித்து நிறுத்த வேண்டும், நிறுத்தவில்லை. பின் சக்கரம் வழுக்கி, வண்டியின் பின்புறம் பள்ளத்துப் பக்கம் திரும்பியது. பின்னால் யாரோ அலறினார்கள். பிரேக்கை மிதித்திருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கும். அவர் மிதிக்கவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு ஆக்ஸிலேட்டரைக் கொஞ்சம் கொடுத்தார், சக்கரம் பிடித்ததும் ஸ்டியரிங்கை மண்மேட்டுப் பக்கம் வளைத்தார். வண்டி மேட்டில் மோதி நின்றது. மகளை அணைத்தபடி கம்பியில் மோதிய டீச்சருக்கு மணிக்கட்டு முறிந்தது. குழந்தைக்கு ஒரு கீறல் இல்லை. கீழே ஒரு கல் இடித்து பிரேக் குழாய் பிய்ந்து எண்ணெய் ஒழுகியது.

அவர் இறங்கி அவள் பக்கம் போய்ப் பார்த்தார். திருகு பூட்டாமல் இருந்தது.

சுற்றிலும் பார்த்தார். எல்லோரும் டீச்சரைச் சூழ்ந்து நின்றார்கள். குனிந்து, டக்கென்று திருகைத் திருப்பிப் பூட்டிவிட்டார். வாழ்க்கையில் அவர் அவ்வளவு வேகமாகச் செய்த வேலை வேறு எதுவும் இருக்காது.

எல்லோரையும் நடந்து வரச் சொல்லிவிட்டு, பிரேக் இல்லாத வெறும் வண்டியை அவர்களுக்கு முன்னால் லோ கியரிலேயே கீழே கொண்டுவந்தார். இப்போது நான்கு சக்கரமும் பிடித்தன. ஊர் விடுமா? "வேற எவனாவது ஓட்டியிருந்தா அத்தனை பேரும் பள்ளத்துல. பிரேக்கே இல்லாம இறக்கினாருய்யா மனுஷன்!" டீக்கடையில் அதே பேச்சு. கையில் கட்டுப் போட்டுக்கொண்ட டீச்சர் அவர் வீட்டுக்கே வந்து, "எங்க புள்ளையைக் காப்பாத்திக் குடுத்தீங்கண்ணே" என்று அழுதார். அவர் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். அடக்கமான மனுஷன் என்று அதற்கும் ஒரு பாராட்டு. ஒவ்வொரு பாராட்டுக்கும் அவர் உள்ளே குறுகிக்கொண்டே போனார்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் மகள் வந்தாள். பிரேக்குக்குப் புதுக் குழாய் போட்டாயிற்று, உள்ளே புகுந்த காற்றை எடுக்க வேண்டும். இது உண்மையாகவே இரண்டு ஆள் வேலை. ஒருவர் மேலே உட்கார்ந்து பிரேக்கை மிதித்துப் பிடிக்க வேண்டும், ஒருவர் கீழே படுத்து ஒவ்வொரு சக்கரத்தின் பின்னாலும் காற்று வெளியேறுகிற சின்னத் திருகைத் திறந்து மூட வேண்டும். நான்கு சக்கரத்துக்கும் கட்டை வைத்துவிட்டு, அவர் பாயை விரித்து வண்டிக்கு அடியில் போனார். மகள் ஏறி உட்கார்ந்தாள்.

"அமுக்கு. அமுக்கு. இன்னொண்ணு. அப்படியே புடிச்சுக்கோ." திருகைத் திறந்தார். அதில் மாட்டிய குழாய் வழியாக எண்ணெய் குமிழ் குமிழாகப் பக்கத்தில் வைத்த பாட்டிலுக்குள் வந்தது. மூடினார். "விடு."

"அப்பா, கடைக்கு வர்றவங்க எல்லாம் உங்களைப் பத்திதான் பேசறாங்க" என்றாள் மகள் மேலிருந்து. "எனக்கு எவ்வளவு பெருமையா இருந்துச்சு தெரியுமா? நான்தான் புரியாம உங்களைப் போட்டுப் படுத்திட்டேன். இனிமே வண்டியை விக்கச் சொல்லி வாயே திறக்க மாட்டேன். நீங்க ஓட்டுங்க."

எட்டு மாதமாக அவர் கேட்க விரும்பிய வார்த்தை. வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும், வண்டி அவரோடு இருக்கும்.

"அமுக்கு" என்றார். "புடிச்சுக்கோ." திருகைத் திறக்கவில்லை. அவர் முகத்துக்கு நேராக வண்டியின் அடித்தளம் இருந்தது. மகளுடைய கண்ணைப் பார்த்துச் சொல்ல வேண்டியதில்லை என்பது ஒரு தைரியம்.

"டீச்சர் கை ஒடிஞ்சது என்னாலதான்மா. நான் ஒரு பக்கம்தான் பூட்டினேன். இன்னொரு பக்கம் பூட்டாமலே இறக்கிட்டேன்."

"மறந்துட்டீங்களா?"

"மறக்கலை. தட்டுச்சு. பானட்டுல ரெண்டு தட்டு. என் காதால கேட்டேன்மா. அவ பூட்டிட்டான்னு நினைச்சுக் கியர் போட்டேன்."

மகள், "மரத்துலேர்ந்து தண்ணி ஏதாவது சொட்டியிருக்கும்பா" என்றாள்.

"அங்க மரமே இல்ல. வண்டி மோதி நின்னப்புறம் போய் யாருக்கும் தெரியாம பூட்டி வெச்சேன். அதுதான் பெரிய தப்பு. நாளைக்கு டீச்சர் வீட்டுக்குப் போய் நானே சொல்லிடறேன். திட்டினா வாங்கிக்கறேன்."

"அப்பா, வேற ஒரு ஆளைக் கூட வெச்சுக்கலாமே. அவங்க இறங்கிப் பூட்டட்டும்."

"எந்த ஆளு இறங்கினாலும் எனக்கு அவ தட்டறதுதான்மா கேக்கும். மறுபடியும் கேக்கும். கேக்கணும்னுதான் நான் தினம் அந்த சீட்டுல போய் உக்கார்றேன். அவ செத்துப்போயிட்டா. செத்து எட்டு மாசமாச்சு."

அந்த வார்த்தையை அவர் வாய் அன்றுவரை சொன்னதில்லை. ஊருக்குப் போயிருக்கிறவளைப் பற்றிப் பேசுவதுபோலத்தான் பேசுவார். மகள் அழுதாள், அவருக்குக் கேட்டது. அவரும் அழுதார். மல்லாந்து படுத்திருந்ததால் கண்ணீர் இரண்டு காதுக்கும் ஓடியது. கையெல்லாம் எண்ணெய், துடைக்க வழியில்லை.

"வண்டியை வித்துடலாம்" என்றார். "நீ சொல்ல வேண்டாம், நானே சொல்றேன்."

மகள் மூக்கை உறிஞ்சினாள். கால் மட்டும் பிரேக்கின் மேல் அழுத்தியபடியே இருந்தது. "விக்கப்போற வண்டிக்கு எதுக்குப்பா இப்ப உக்காந்து காத்து எடுக்கறோம்?"

"வாங்கறவனும் இறக்கத்துல இறங்கணுமில்லம்மா" என்றார் அவர். "பின்னாடி ஆளுங்க இருப்பாங்க."

திருகைத் திறந்தார். எண்ணெய் வந்தது, கூடவே இரண்டு குமிழ். மூடினார். இன்னும் மூன்று சக்கரங்கள் பாக்கி இருந்தன.