சிவப்புத் துணி கட்டிய புல்கட்டு

மேய்ச்சல் நிலத்தில் களைமருந்து அடிக்க அவரைக் கூப்பிடுகிறவர்களுக்கு முதலில் வேண்டியது பொறுமை. மனுஷன் சொன்ன நேரத்துக்கு வந்துவிடுவார், ஆனால் வேலையைத் தொடங்க மாட்டார். ஒரு குச்சியின் நுனியில் ரிப்பனைக் கட்டி வரப்பில் ஊன்றிவிட்டு, பக்கத்திலேயே குந்திக்கொண்டு அது ஆடுவதைப் பார்த்துக்கொண்டிருப்பார். ரிப்பன் மெல்ல அசைந்தால் சரி. துளியும் அசையாவிட்டால் ஆகாது, மருந்துப் புகை எங்கே போய் நிற்கும் என்று சொல்ல முடியாதாம். படபடவென்று அடித்துக்கொண்டால் குச்சியைப் பிடுங்கிக்கொண்டு வண்டியைக் கிளப்பிவிடுவார்.

"காத்து சரியில்ல. நாளைக்கு வரேன்."

நிலத்துக்காரர் தலையில் அடித்துக்கொள்ள வேண்டியதுதான். இப்படிச் சொல்லிச் சொல்லியே அவருக்குக் காத்து என்று பெயர் விழுந்துவிட்டது. பெற்றவர்கள் வைத்த பெயர் அவருடைய அடையாள அட்டைக்கு மட்டும்தான் தெரியும்.

எந்த வெயிலிலும் கையுறை, முழங்கால் வரை ரப்பர் காலணி, முகமூடி எல்லாம் போட்டுத்தான் நிலத்தில் இறங்குவார். வாய்க்கால் ஓரத்தில் அகலமாக ஒரு பட்டை விட்டுவிடுவார், அங்கே களை எவ்வளவு கொழுத்து நின்றாலும் சரி. டேங்கைக் கழுவிய தண்ணீரைக்கூட அதே நிலத்தில்தான் அடித்துத் தீர்ப்பார். கிளம்பும்போது மாட்டை எத்தனை நாள் உள்ளே விடக்கூடாது என்று இரண்டு முறை சொல்லுவார், கேட்டவரை ஒரு முறை திருப்பிச் சொல்ல வைப்பார். வீட்டுக்கு வந்தால் குளிக்காமல் படியேற மாட்டார். மனைவி நீட்டுகிற தண்ணீரைக்கூட வாங்க மாட்டார். "தள்ளி நில்லு, தள்ளி நில்லு" என்று பின்வாசல் குழாயடிக்கு ஓடுவார். கல்யாணமான நாளிலிருந்து இதைக் கேட்டுச் சலித்த அவள், "என்னை விட்டு இப்படி ஓடறதுக்கு எதுக்குக் கட்டிக்கிட்டீங்க?" என்பாள்.

அவள் தையற்காரி. கடைத்தெருவில் ஒரு தையற்கடையில் காஜா எடுப்பதும் பொத்தான் வைப்பதும் அவள் வேலை. ஒரு நாள் காலையில் ஊசியில் நூல் கோக்கும்போது ஊசி கீழே விழுந்தது. குனிந்து எடுக்கப் போனவள் அப்படியே சாய்ந்துவிட்டாள். பக்கவாதம். வலது பக்கம்.

பல நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தாள். முதலில் நாக்கு சரியாயிற்று, அதில் யாருக்கும் ஆச்சரியமில்லை. அடுத்து கால் வந்தது. கை மட்டும் வரவில்லை. விரல்கள் உள்நோக்கிச் சுருண்டு, மடியில் யாரோ வைத்துவிட்டுப் போன பொருள்போலக் கிடந்தது. பயிற்சி சொல்லிக்கொடுத்த பெண் ஒரு ரப்பர் பந்தைக் கொடுத்து, "அமுக்கிக்கிட்டே இருங்கம்மா. எதைச் செஞ்சாலும் அந்தக் கையாலதான் செய்யணும். சும்மா வெச்சீங்கன்னா அது வேலையை மறந்துடும், அப்புறம் நினைவுபடுத்த முடியாது" என்று கண்டிப்பாகச் சொல்லி அனுப்பினாள்.

பந்து கட்டிலுக்கு அடியில் உருண்டது. "பந்து விளையாடற வயசா எனக்கு?" என்றாள். காத்து குனிந்து எடுத்துக் கொடுப்பார், அது மறுபடியும் உருளும். கடைசியில் அவர் பந்தைத் தூக்கிப் பரண்மேல் போட்டுவிட்டு, வீட்டுக்குப் பின்னால் இருந்த கட்டாந்தரையைக் கொத்தத் தொடங்கினார். மண்ணில் சத்து இல்லை. பால்கார அக்காவின் கொட்டகைக்குப் போய் எருக்குழியிலிருந்து நன்றாக மக்கின சாணி எருவை மூட்டை மூட்டையாகச் சுமந்து வந்தார். கறுப்பாக, பொலபொலவென்று, துளி நாற்றமில்லாமல் இருந்தது. அதை அவள் முன்னால் கொட்டியபோது அவர் முகத்தைப் பார்க்க வேண்டுமே, நகைக்கடையிலிருந்து வந்தவர் தோற்றார்!

"இதுல நீ விதை போடு. அந்தக் கையால போடு" என்றார்.

முதலில் ஓரத்தில் மக்காச்சோளம். மணி பெரிது, விரலில் நிற்கும். அதற்கே அவளுக்கு வியர்த்துக் கொட்டியது. பிறகு அவரை, பீன்ஸ். கடைசியில் தக்காளி. தக்காளி விதையைக் கட்டைவிரலாலும் ஆள்காட்டி விரலாலும் கிள்ளி எடுத்துக் குழியில் விட்ட அன்று அவள் யாரிடமும் ஒன்றும் சொல்லவில்லை, ஆனால் சாயங்காலம் வரை பாட்டு முணுமுணுத்துக்கொண்டே இருந்தாள். காத்து அன்று குழாயடியில் இரண்டு மடங்கு நேரம் குளித்தார். அழுதது தெரியக்கூடாதாம்.

முளை வந்தது. தினமும் விடிந்ததும் பின்வாசலுக்குப் போய்விடுவாள். வலது கையில் குவளையைப் பிடித்துத் தண்ணீர் ஊற்றுவாள், பாதி புடவையில் ஊற்றிக்கொள்வாள், அதற்குச் செடிகளைத் திட்டுவாள். வீடு பழைய வீடாகிக்கொண்டு வந்தது.

பிறகு ஒரு காலையில் அவள் எழுந்து போகவில்லை. மறுநாளும் போகவில்லை. கை ஒரு துண்டுக்கு அடியில் போய்விட்டது. சமையல், கூட்டுவது, தலை வாருவது எல்லாம் இடது கைக்கு மாறியது. காத்து கேட்டால் "ஒண்ணுமில்ல" என்றாள். அந்த ஒண்ணுமில்லவை அவருக்கு நன்றாகத் தெரியும், ஏதோ பெரிதாக இருக்கிறது என்று அர்த்தம். விடாமல் கேட்டார்.

"போய்ப் பாருங்க, தோட்டத்தை" என்றாள். "என் கையே சுருண்டு கிடக்கு. அது போட்ட விதை வேற எப்படி வரும்? கைராசி இல்லாத கைங்க இது. இனிமே இதுக்கு வேலை குடுக்காதீங்க."

போய்ப் பார்த்தார். தக்காளிச் செடிகளின் இளம் இலைகள் கிண்ணம்போல மேல்நோக்கிச் சுருண்டிருந்தன. பீன்ஸ் கொடியின் நுனி முறுக்கிக்கொண்டு நின்றது. அவரையில் புதிதாக வந்த இலை இலையாகவே இல்லை.

இந்தச் சுருளை அவர் வாழ்நாளெல்லாம் பார்த்திருக்கிறார். மேய்ச்சல் நிலத்தில் அவர் அடிக்கும் மருந்து புல்லை ஒன்றும் செய்யாது. அகன்ற இலைக் களைகளை மட்டும் இப்படித்தான் முறுக்கிச் சாகடிக்கும். களையில் பார்த்தால் வேலை நன்றாக நடந்திருக்கிறது என்று திருப்தியாக இருக்கும். இப்போது பெண்டாட்டி போட்ட செடியில் பார்க்கிறார்.

என் சட்டையிலிருந்து வந்ததா? டேங்கிலிருந்தா? பக்கத்தில் யாரும் அடிக்கவில்லையே. நின்று நின்று பார்த்தவர் கண்ணில் ஓரத்து மக்காச்சோளம் பட்டது. அது பச்சைப்பசேலென்று நிமிர்ந்து நின்றது. மக்காச்சோளம் புல் வகை. அவர் திரும்பி எரு மூட்டையைப் பார்த்தார்.

மத்தியானமே பால்கார அக்காவின் கொட்டகைக்குப் போனார். அக்கா கறவைக்கு மடி கழுவிக்கொண்டிருந்தாள்.

"அக்கா, போன கோடையில மாட்டுக்கு என்ன போட்டீங்க?"

"என்னத்தப் போடறது, நம்ம நிலம்தான் காஞ்சு போச்சே. லாரியில வந்துச்சு, காஞ்ச புல்லுக்கட்டு. அந்த மேட்டு நிலத்துப் புல்லு தம்பி. நீ மருந்தடிச்ச நிலம்னு சொன்னாங்க. அப்போ நம்பி வாங்கலாம்னு வாங்கிட்டேன். ஒரு களை இல்ல. மாடு சப்புக்கொட்டித் தின்னுச்சு. நல்லாத்தானே கறக்குது, ஏன்?"

அவர் தொழுவத்துக் கம்பத்தில் சாய்ந்துகொண்டார்.

மாட்டுக்குக் குறை ஒன்றுமில்லை, அது அவருக்குத் தெரியும். எல்லா மருந்தும் இப்படிச் செய்வதில்லை, ஆனால் அந்த மேட்டு நிலத்தில் அவர் அடித்த வகை அப்படிப்பட்டது. புல்லிலேயே தங்கி, மாட்டின் வயிற்றுக்குள் நுழைந்து, சாணியோடு சாணியாக வெளியே வந்து, எரு மக்கினாலும் தான் மக்காமல் கிடக்கும். அந்த எரு புல் நிலத்துக்குப் போகலாம், காய்கறித் தோட்டத்துக்குப் போகக்கூடாது. டப்பாவின் மேலேயே போட்டிருக்கிறது. மேட்டு நிலத்துக்காரரிடம் இதை அவர் சொல்லியும் இருந்தார், திருப்பிச் சொல்லவும் வைத்தார். ஆனால் புல் லாரி ஏறிப் போய்விட்டது, சொன்ன சொல் வரப்பிலேயே நின்றுவிட்டது.

அதற்காவது மற்றவர்மேல் பழி போடலாம். எருவை அள்ளும்போது இந்த மாடு எதைத் தின்றது என்று ஒரு வார்த்தை கேட்காதது யார்? ஊருக்கெல்லாம் சொல்லித் திரிகிறவர், சொந்த வீட்டுக்கு அள்ளும்போது கேட்கவில்லை. ஆசை கண்ணை மறைத்துவிட்டது.

"அக்கா, இந்தக் குழி எருவை யாருக்கும் தோட்டத்துக்குக் குடுத்துடாதீங்க. புல் நிலத்துல போடுங்க, அது போதும்" என்று காரணத்தையும் சொல்லிவிட்டுத் திரும்பினார்.

வழியெல்லாம் ஒரு பொய் அவரோடு கூடவே நடந்து வந்தது. பூச்சி அடிச்சிருக்கு என்று சொல்லிவிட்டால் போதும். யாருக்கும் நஷ்டமில்லை. இத்தனை வருஷமாக ஒருவர் பயிரையும் கெடுக்காதவர் என்ற பெயர் அப்படியே இருக்கும். ஆனால் பூச்சி என்றால் அவள் நம்ப மாட்டாள். என் கைதான் என்பாள். அந்தத் துண்டு கையைவிட்டு எழுந்திருக்காது. பயிற்சி சொல்லிக்கொடுத்த பெண் சொன்னது அவருக்கு மறக்கவில்லை. பெயரா கையா என்றால் இதில் யோசிக்க என்ன இருக்கிறது என்று தன்னையே திட்டிக்கொண்டு நடையை எட்டிப்போட்டார்.

அவள் பின்வாசல் படியில் உட்கார்ந்திருந்தாள். அவர் குழாயடிக்கு ஓடவில்லை. நேராக வந்து பக்கத்தில் உட்கார்ந்தார்.

"உன் கை இல்ல. நான்தான்."

"என்ன நீங்கதான்?"

"செடியைக் கெடுத்தது."

எல்லாவற்றையும் சொன்னார். மேட்டு நிலம், லாரி, அக்காவின் மாடு, எரு, தான் கேட்காமல் அள்ளியது. ஒன்றையும் மறைக்கவில்லை.

"அப்போ அந்த மக்காச்சோளம்?"

"அது புல்லு ஜாதி. இந்த மருந்து அதைத் தொடாது. அதுவும் உன் கை போட்டதுதானே? அதுதான் நீ முதல்ல போட்டது, கை சுத்தமா வராதப்போ போட்டது. எப்படி நிக்குது பாரு."

அவள் பார்த்தாள். ரொம்ப நேரம் பார்த்தாள். கண் நிறைந்து வழிந்தது. பிறகு முகம் மாறியது.

"இத்தனை நாளா இந்தக் கையை வெட்டிப் போட்டா என்னன்னு உக்காந்திருந்தேன். குளிக்காம என்கிட்ட வந்தா ஒட்டிக்கும்னு காத தூரம் ஓடற மனுஷன், மூட்டை கட்டி விஷத்தைக் கொண்டுவந்து என் காலடியில கொட்டியிருக்கீங்க! உங்களை..."

தோளில் ஒன்று விழுந்தது. பலமான அடி இல்லை, ஆனால் அடிதான்.

காத்து தோளைத் தடவவில்லை. பல்லெல்லாம் தெரியச் சிரித்தார்.

"ஏன் இளிக்கறீங்க? வெக்கமா இல்ல?"

"எந்தக் கையால அடிச்ச?"

அவள் குனிந்து பார்த்தாள். துண்டு படியில் விழுந்து கிடந்தது. வலது கை அவர் தோள் பக்கத்திலேயே, விரல் பாதி விரிந்து, நடுங்கிக்கொண்டிருந்தது.

"இன்னொண்ணு போடு" என்றார். "நான் செஞ்சதுக்கு ஒண்ணு பத்தாது."

இரண்டாவது அடி குறி தவறிக் காதில் விழுந்தது. இருவரும் சிரித்தார்கள். சிரிப்பு எங்கே முடிந்தது, அழுகை எங்கே தொடங்கியது என்று இருவருக்கும் தெரியவில்லை.

சுருண்ட செடிகளைப் பிடுங்கி, எரு கலந்த மண்ணையெல்லாம் வாரி, பால்கார அக்காவின் புல் நிலத்தில் கொண்டுபோய்ப் பரப்பினார். புது எரு எங்கிருந்து வந்தாலும் முதலில் ஒரு தொட்டியில் போட்டு அவள் பீன்ஸ் விதை ஊன்றுவாள். இலை சுருளாமல் நேராக விரிந்தால்தான் அது தோட்டத்துக்குள் வரும். மேட்டு நிலத்துக்காரரிடம் காத்து சண்டையும் போட்டார், ஒரு யோசனையும் சொன்னார். அந்த வகை மருந்தடித்த நிலத்துப் புல்கட்டு ஒவ்வொன்றிலும் ஒரு சிவப்புத் துணி இருக்க வேண்டும். வாங்குகிறவர் எந்த ஊர்க்காரராக இருந்தாலும் கேட்பார், கேட்டால் சொல்லலாம். மாட்டுக்குப் போடு, எருவைப் புல்லுக்கே போடு, தோட்டத்துக்குப் போடாதே.

பழைய சிவப்புப் போர்வை ஒன்றை அவள் கிழித்தாள். புல் கட்டுகிற நாளில் அவரோடு வண்டியில் போய், நிழலில் உட்கார்ந்து, முன்னால் வைக்கிற ஒவ்வொரு கட்டிலும் கயிற்று முடிச்சோடு சேர்த்துத் துணியைக் கட்டினாள். இடது கையை மட்டும் வைத்துச் சமாளிக்க முடியாது, முடிச்சுக்கு இரண்டு கையும் வேண்டும். முதல் வருஷம் கட்டிய துணிகள் லாரி முனை திரும்புவதற்குள் அவிழ்ந்து பறந்தன. காத்து பின்னாலேயே போய் வழியெல்லாம் பொறுக்கி, லாரி நின்ற இடத்தில் அவளுக்குத் தெரியாமல் தானே கட்டினார். அடுத்த வருஷம் பொறுக்க வேண்டியது குறைந்தது. அதற்கடுத்த வருஷம் ஒன்றும் விழவில்லை.

இந்த வருஷம் பால்கார அக்கா அவரை வழியில் நிறுத்தினாள்.

"தம்பி, உன் பொண்டாட்டி போடறது என்ன முடிச்சுய்யா? நானும் என் வீட்டுக்காரரும் சேர்ந்து இழுத்தும் அவுக்க முடியல. கத்தி வெச்சு வெட்ட வேண்டியிருக்கு. கொஞ்சம் லேசாப் போடச் சொல்லு."

"அதை மட்டும் சொல்ல மாட்டேன்க்கா" என்றார் காத்து.