தகரத்தைப் பிடித்தவர்

லிஃப்ட் மெக்கானிக்குகள் பொதுவாக அதிகம் பேசமாட்டார்கள். ஒட்டடை அதிலும் ஒரு படி மேல். ஆறடிக்கு மேல் உயரம், உடம்பில் சதை பேருக்குத்தான். கம்பெனியில் சேர்ந்த முதல் வாரமே யாரோ ஒட்டடைக்குச்சி என்று கூப்பிட்டார்கள். குச்சி நாளடைவில் உதிர்ந்து, ஒட்டடை மட்டும் நின்றுவிட்டது. இருபத்தாறு வருஷமாக லிஃப்ட் கூண்டின் கூரைமேல் ஏறி நின்று, இரும்பு வடத்தில் எங்காவது பிசிறு தட்டியிருக்கிறதா என்று பழந்துணியால் தடவிப் பார்ப்பது அவருடைய வேலை. பத்து மாடிக்காரர்களின் உயிர் அந்தத் துணியில் இருக்கிறது என்பார்கள். அவர் அதைக்கூடச் சொன்னதில்லை.

ஒரே ஒரு விஷயத்தில் மட்டும் அவருக்கு வாய் வலிக்காது. அது, 'ஓட்டை வாளி' கடைசியாகப் பாடிய கதை.

ஓட்டை வாளி என்பது நான்கு பேர் சேர்ந்து நடத்திய பங்க் இசைக்குழு. இரண்டு நிமிஷத்துக்கு மேல் அவர்களிடம் பாட்டே கிடையாது. கிட்டாரில் மூன்று பிடி, டிரம்மில் ஒரே அடி, மீதியெல்லாம் கத்தல். பாடுகிறவரின் குரல், தகரத் தகட்டைச் சிமென்ட் தரையில் இழுத்ததுபோல் இருக்கும். அதனால் அவர் பெயர் தகரம். கேட்கிறவர்களில் பாதிப் பேர் காதைப் பொத்திக்கொண்டு ஓடுவார்கள். மீதிப் பேர் உயிரையே விடுவார்கள். ஒட்டடை இரண்டாவது ரகம்.

அவர் சொல்லும் கதை இதுதான். அப்போது அவருக்கு வயது இருபது. ஒரு ஞாயிற்றுக்கிழமை பிற்பகல். மூடிப்போன அட்டைப்பெட்டிக் கிடங்கு ஒன்றில் குழுவின் கடைசிக் கச்சேரி. உள்ளே பசை நாற்றம், தகரக் கூரையின் வெக்கை, எள் போட்டால் எள் விழாத கூட்டம். கடைசிப் பாட்டின் நடுவில் தகரம் மேடையிலிருந்து பாய்ந்தார். கூட்டம் பயந்து விலகியது. விலகாமல் நின்றது ஒட்டடை ஒருவர்தான். தகரம் வந்து நெஞ்சில் விழுந்தார். இருவரும் தரையில் உருண்டார்கள். ஒட்டடையின் முன்பல் ஒரு மூலை உடைந்தது. தகரம் மைக்கை அவர் வாய்க்கு நேராக நீட்டினார். ஒட்டடைக்கு என்ன தோன்றியதோ, இருக்கிற மூச்சையெல்லாம் சேர்த்து, "மாட்டேன்!" என்று கத்தினார். கிடங்கே அதிர்ந்தது. மறுநாள் காலை அப்பாவிடம் போய், குடைக் கடையில் உட்காரமாட்டேன் என்று சொல்லிவிட்டு லிஃப்ட் கம்பெனியில் சேர்ந்தார்.

"அன்னிக்கி அந்த ஒரு வார்த்தை வாயில வரலைன்னா, இன்னிக்கும் நான் குடைக்குக் கம்பி மாட்டிக்கிட்டுத்தான் இருந்திருப்பேன்" என்று முடிப்பார். அவர் மனைவிக்கு இந்தக் கதை தலைகீழ்ப் பாடம். எந்த இடத்தில் பல்லைக் காட்டுவார் என்றுகூடத் தெரியும்.

இப்படி இருந்தவரை, போன மாதம் ஒருநாள் காலை, பன்னிரண்டு மாடிக் கட்டடம் ஒன்றின் மோட்டார் அறையில் இருந்தபோது, தெரியாத ஒரு பெண் தொலைபேசியில் கூப்பிட்டாள். ஓட்டை வாளியின் டிரம்மர் மகள் என்று சொன்னாள். பழைய ரசிகர்கள் அந்தக் கடைசிக் கச்சேரியைப் பற்றி ஆளுக்கு ஒரு பக்கம் எழுதித் தர, அதைச் சின்னப் புத்தகமாகப் போடுகிறாளாம்.

"உங்க நம்பரை உங்க அக்காதான் சார் குடுத்தாங்க. அவங்க பக்கம் போன வாரமே வந்திருச்சு. ரொம்ப நல்லா எழுதியிருந்தாங்க. அப்பாவே ரெண்டு தடவை படிச்சாரு."

"அக்காவா? அவ என்ன எழுதினா?"

"அதான் சார், தகரம் மாமா குதிச்சப்போ அவங்க ஒருத்தர்தான் நகராம நின்னு பிடிச்சாங்கல்ல? மைக்ல ‘மாட்டேன்’னு கத்தினது. எனக்குப் புல்லரிச்சுப் போச்சு."

ஒட்டடை கையிலிருந்த ஸ்பேனரை மெதுவாகக் கீழே வைத்தார்.

"நான் எங்க இருந்தேன்னு எழுதியிருக்கா?"

"நீங்க வெளிய கேட் பக்கத்துல, பையைப் பாத்துக்கிட்டு நின்னீங்கன்னு எழுதியிருக்காங்க சார்."

அக்கா அவரைவிட நான்கு வயது மூத்தவள். ஓட்டைவாளிப் பைத்தியத்தை அவருக்கு ஒட்டவைத்ததே அவள்தான். அன்று கூடவே வந்தவள் என்பதால் அந்தக் கதையை அவளிடம் மட்டும் அவர் சொன்னதில்லை. இப்போது வண்டி ஓட்டக் கற்றுக்கொடுக்கிறாள். அவள் காரில் ஆசிரியர் இருக்கைக்கும் ஒரு பிரேக் உண்டு. அதை மிதித்து மிதித்து அவள் வலது கால் மட்டும் தனியாகப் பருத்துவிட்டது என்று வீட்டில் கேலி செய்வார்கள். அன்று மாலை ஒட்டடை நேரே அவள் வீட்டுக்குப் போனார். அவள் சமையலறையில் நின்று பாத்திரம் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"அக்கா, தகரத்தைப் பிடிச்சது நான்."

"போடா. நீ உள்ளயே வரலை."

"பல்லு? இந்தப் பல்லு எப்படி உடைஞ்சுது?"

"அம்மாவைக் கேளு."

அம்மா இவர்கள் தங்கையோடு வேறு ஊரில் இருக்கிறாள். கூப்பிட்டார்கள். எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு அம்மா, "அந்தப் பல்லா? அது முளைக்கும்போதே மூளியாத்தான்டா முளைச்சுது" என்றாள். பிறகு, "ஏன், இப்ப வலிக்குதா?" என்று கேட்டாள்.

அக்கா சிரிக்கவில்லை. துணியைத் தோளில் போட்டுக்கொண்டு எதிரில் வந்து உட்கார்ந்தாள்.

"டேய், உனக்கு அந்தப் பை நிஜமாவே ஞாபகம் இல்லையா? நீலப் பை. செம கனம். சிநேகிதியோட புத்தகம்னு உன்கிட்ட சொன்னேன்."

"இல்லையே."

"அதுல புத்தகம் இல்லை. என் துணிமணி. அன்னிக்கி ஆறு மணி ரயில்ல நான் போறதா இருந்தேன்."

"எங்க?"

"எங்கயோ. சிநேகிதி ஒருத்தி வேலை பாத்து வச்சிருந்தா. அப்பா அந்த மொத்த வியாபாரி பையனுக்கு என்னைப் பேசி முடிச்சிருந்தாரே, ஞாபகம் இருக்கா? கச்சேரி முடிஞ்சதும் அப்படியே ஸ்டேஷன். உன்னைக் கேட் பக்கத்துல பையோட நிக்கவச்சேன். கடைசிப் பாட்டு முடிஞ்சு வெளிய வந்தா நீ இல்லை. ஒரு மணி நேரம் தேடினேன். ரயில் போயிருச்சு. வீட்டுக்கு வந்தா, வாசப்படில பையோட உக்காந்திருக்க. வாய் இவ்வளவு வீங்கி…"

அக்கா அவர் வாயையே பார்த்தாள்.

"வாய் வீங்கியிருந்துச்சா?" என்றார் ஒட்டடை.

"ஆமா." அவள் துணியை மடியில் வைத்து மடித்தாள், பிரித்தாள், மறுபடி மடித்தாள். "ஆமாடா. வீங்கித்தான் இருந்துச்சு. நான் ஏன் அதை எழுதலை?"

ஒட்டடைக்கு அந்த நிமிஷம் வெற்றி என்றுதான் சொல்லவேண்டும். கேட் அருகில் அவர் இல்லையென்றால் உள்ளேதான் இருந்திருக்கவேண்டும். உள்ளே இருந்தால் பிடித்தது அவரேதான். ஆனால் அதைச் சொல்ல வாயெடுத்தபோது இன்னொன்றும் உறைத்தது. அப்படியானால் அக்காவின் ரயிலைத் தவறவைத்ததும் அவர்தான். இருபத்தாறு வருஷமாகப் பெருமையடித்துக்கொண்ட அந்தக் கதையில் இப்படி ஒரு வினை இருந்ததா? இல்லை, அவர் உள்ளே போகவே இல்லையா? பையோடு எங்காவது சுற்றப் போய் முட்டிக்கொண்டு வந்தாரா? யோசிக்க யோசிக்க, கிடங்கின் பசை நாற்றம் மட்டும் துல்லியமாக வந்தது. மற்றதெல்லாம் கலங்கிய தண்ணீராகக் கிடந்தது.

"அந்தக் கச்சேரியோட டேப் இருக்குன்னு டிரம்மர் பொண்ணு சொன்னா. போய்க் கேப்போமா?" என்றாள் அக்கா.

சனிக்கிழமை காலை இருவரும் டிரம்மர் வீட்டுக்குப் போனார்கள். டிரம்மருக்கு இப்போது ஒரு காது சுத்தமாகக் கேட்காது, இன்னொன்று பாதி. "வாம்மா, வாங்க தம்பி" என்று ஊருக்கே கேட்கிறாற்போல் வரவேற்றார். மகள் பழைய கேசட் பெட்டியைக் கொண்டுவந்து வைத்தாள். இரைச்சலுக்கு நடுவில் கடைசிப் பாட்டு ஓடியது. திடீரென்று ஒரு தொம். மைக் கீச்சென்று அலறியது. அதற்குள்ளிருந்து ஒரு குரல்: "மாட்…டேன்!"

ஒட்டடைக்கு மயிர்க்கூச்செறிந்தது. "நான்தான்!"

"அது என் குரல்டா."

மறுபடி போட்டார்கள். இருபது வயதில் ஒட்டடையின் குரல் கீச்சுக் குரல். தொலைபேசியில் பேசினால் எதிர்முனையில் "தம்பி இருக்கானாம்மா?" என்றுதான் கேட்பார்கள். மூன்றாவது தடவை கேட்டபோது அவருக்கே அது அக்கா குரலாகப் பட்டது. அக்கா முகத்தைச் சுளித்துக்கொண்டு, "இல்ல, நீயாத்தான் இருக்கும்போல" என்றாள்.

டிரம்மர் கையை ஆட்டினார். "ஏம்மா சண்டை? அவனையே கேட்டுருவோம்."

தகரம் இப்போது வேறொரு ஊரில் செடி நாற்று விற்கிறார். மகள் தொலைபேசியை ஒலிபெருக்கியில் போட்டாள். அந்தக் குரல் அப்படியே இருந்தது, கொஞ்சம் துருவேறியிருந்தது, அவ்வளவுதான். ஒட்டடை தன்னையறியாமல் நாற்காலியிலிருந்து எழுந்து நின்றுவிட்டார்.

"பாய்ஞ்சேனா? நானா?" என்றார் தகரம். "யோவ் டிரம்மரு, மேடை நடுவுல ஒயரைப் போட்டு வச்சது நீ. அதுல கால் சிக்கித் தலைகுப்புற விழுந்தேன். ‘மாட்டிக்கிட்டேன், மாட்டிக்கிட்டேன்’னு கத்தறேன், நீ பாட்டுக்கு அடிச்சிக்கிட்டே இருக்க!"

டிரம்மருக்கு மட்டும் சரியாகக் கேட்கவில்லை. "என்னவாம்?" என்று மகளைக் கேட்டார்.

"உங்களைப் பிடிச்சது யாருங்கய்யா?" என்றாள் அக்கா.

"யாரோ பிடிச்சாங்கம்மா. இல்லைன்னா இந்த மூக்கு இருந்திருக்காது. ஒருத்தரா ரெண்டு பேரான்னா சொல்லத் தெரியலை. கண்ணை மூடிக்கிட்டேன்ல? பல கைங்க இருந்துச்சு, அது தெரியும்."

திரும்ப டேப்பைப் போட்டார்கள். மாட்டேன் என்று நினைத்துக் கேட்டால் மாட்டேன் என்றது. மாட்டிக்கிட்டேன் என்று நினைத்துக் கேட்டால், நடுவில் இரைச்சல் விழுங்கிய எழுத்துகளோடு, அதுவும் சரியாகத்தான் இருந்தது. பதினோரு தடவை கேட்டார்கள். பன்னிரண்டாவது தடவை நாடா சிக்கிக்கொண்டது. டிரம்மர் மகள் பென்சிலை விட்டுச் சுற்றி அதை மீட்டு, இனிமேல் வேண்டாம் சார் என்று பெட்டியில் வைத்து மூடிவிட்டாள்.

திரும்பும்போது அக்காதான் காரை ஓட்டினாள். ஒட்டடை பக்கத்தில், கற்றுக்கொடுப்பவரின் இருக்கையில், கால் நீட்ட இடமில்லாமல் பிரேக்கில் படாதபடி முழங்காலை மடக்கி உட்கார்ந்திருந்தார்.

"அக்கா, நீ அந்த ரயில்ல போயிருந்தா என்ன ஆயிருக்கும்?"

"தெரியலைடா."

"என் மேல கோவமா?"

"அப்ப இருந்துச்சு. உன்னைக் கொன்னு போடலாம்னு வந்தேன். வந்தா வீங்கின வாயோட உக்காந்திருக்க, கொல்லவா முடியும்? பையைத் தூக்கிக்கிட்டு நேரா அப்பாகிட்ட போய், இந்தக் கல்யாணம் வேண்டாம், கட்டிக்கமாட்டேன்னு சொல்லிட்டேன். எங்கிருந்து தைரியம் வந்துச்சுன்னு இன்னிக்கிவரைக்கும் புரியலை. மைக்ல கத்தினதாலதான்னு நினைச்சிக்கிட்டிருந்தேன்."

"நீ அன்னிக்கே சொல்லிட்டியா? நான் மறுநாள் காலைல சொன்னேன்."

"ஆமா. அதான் அப்பா காபியைக் கீழே வச்சிட்டு, ‘இன்னும் யாராச்சும் பாக்கி இருக்கீங்களா?’ன்னு கேட்டார்."

ஒட்டடைக்குச் சிரிப்பு வந்தது. அக்காவும் சிரித்தாள். அப்பா அதற்குப் பிறகு எட்டு மாதம் இருவரோடும் பேசவில்லை. குடைக் கடையைத் தங்கை வீட்டுக்காரர் எடுத்துக்கொண்டார். இவையெல்லாம் சந்தேகமில்லாமல் நடந்தவை. ஒட்டடை அதைப் பிடித்துக்கொள்ளப் பார்த்தார். ஆனால் ஒரு வார்த்தையை நம்பி வாழ்க்கையைத் திருப்பியவருக்கு, அந்த வார்த்தையே யாரோ கால் சிக்கிக் கத்தியதாக இருக்கலாம் என்றால், திரும்பியது எதனால்? சிக்னலில் நிற்கும்போது அதைக் கேட்டும் விட்டார்.

"என்னைக் கேட்டா? நானும் அதே வண்டிலதான் உக்காந்திருக்கேன்" என்றாள் அக்கா.

அடுத்த வாரம் அவர் தன் பக்கத்தை எழுதி அனுப்பினார். எழுத நாலு நாள் ஆயிற்று. பாய்ந்தது, பிடித்தது, பல் எதையும் எழுதவில்லை. கிடங்கின் பசை நாற்றத்தையும், அக்கா ஒரு மணி நேரம் தன்னைத் தேடியதையும், தான் எங்கிருந்தேன் என்று தனக்கே தெரியவில்லை என்பதையும் எழுதினார். மனைவி படித்துவிட்டு, "ஏங்க, மாட்டேன்னு கத்துனது எங்க?" என்று கேட்டாள். "விசாரணையில இருக்கு" என்றார்.

புத்தகம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை தபாலில் வந்தது. பழுப்பு அட்டை, நாற்பது பக்கம். ஒட்டடை ஜன்னலோரம் உட்கார்ந்து முதல் பக்கத்திலிருந்து படிக்கத் தொடங்கினார். ஆறாம் பக்கத்தில் நிமிர்ந்து உட்கார்ந்தார். ஒன்பதாம் பக்கத்தில் அக்காவைத் தொலைபேசியில் கூப்பிட்டார்.

"அக்கா, இதுல ஒரு பல் டாக்டர் எழுதியிருக்கார். கூட்டம் விலகினப்போ அவர் ஒருத்தர்தான் நின்னாராம். அவர்தான் பிடிச்சாராம்."

"என்னது?"

"இரு. ஆறாம் பக்கத்துல ஒரு டீச்சரும் பிடிச்சிருக்காங்க. கண்ணாடி உடைஞ்சுதாம்."

"அவங்களும் கத்தினாங்களாமா?"

"கத்தியிருக்காங்க. ஆனா அவங்க கத்தினது வேற ஏதோ." ஒட்டடை பக்கத்தைப் புரட்டினார். "இங்க பாரு, பஸ் டிரைவர் ஒருத்தர்."

அந்தப் பக்கம் நாற்காலியை இழுத்துப் போடும் ஒலி கேட்டது.

"படிடா" என்றாள் அக்கா. "மெதுவாப் படி."