ஆட்டுக்கு ஒரு மூளை போதும்

“இவ்ளோ படிச்சிருக்கே, ஒரு ஆட்டக் கத்த வெக்கத் தெரியலையா பாப்பா?” என்று மாமா கேட்டபோது, கையில் நட்சத்திர விளக்கின் ஒயரைச் சுருட்டிப் பிடித்திருந்தார். விவேக் நகரில் எங்கள் சந்தின் கிறிஸ்துமஸ் குடிலுக்குப் பல வருடங்களாக அவர்தான் பொறுப்பு. நான் அப்போது டிப்ளமோ முதல் வருடம். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்துக்குப் போன முதல் ஆள் நான்தான். அதனால் மிக்சி ஓடாவிட்டாலும் சந்தேகம் என் படிப்பின்மேல்தான் விழும்.

அந்த வருடம் பக்கத்துச் சந்தின் குடிலில் பொம்மைகள் தலையாட்டப் போவதாகச் செய்தி வந்தது. மாமா அசரவில்லை. எங்கள் குடிலில் ஆடு கத்தும் என்று எல்லோரிடமும் சொல்லிவிட்டார். அவர் காவலாளியாக இருந்த பீன்யா தொழிற்சாலையில், வரைபடம் போடும் பிரிவு கழித்துப்போட்ட கம்ப்யூட்டர் ஒன்றை வாங்கி ஆட்டோவில் கொண்டுவந்தார். இரண்டு ப்ராசசர் உள்ள கனமான பெட்டி. “ரெண்டு மூளை, தெரியுமா?” என்று டீக்கடையிலிருந்து கோயில் வாசல் வரை சொல்லிக்கொண்டிருந்தார். அதில் சத்தம் வர வழியில்லாததால் பழைய சவுண்ட் கார்டு ஒன்றைத் தேடி வாங்கி நான் மாட்டினேன். ஆட்டின் குரலை மாமாவே கொடுத்தார். மைக் முன்னால் கண்ணை மூடி நின்று கத்தினார். அவ்வளவு பக்தியோடு அவர் ஜெபம் சொல்லிக்கூட நான் பார்த்ததில்லை.

ஒத்திகையில் ஆடு இரண்டு தடவை ஒழுங்காகக் கத்தியது. அடுத்த தடவை கம்ப்யூட்டர் அப்படியே உறைந்துபோய், கத்தலின் ஒரு துண்டு மட்டும் தையல் மெஷின் மாதிரி மே-மே-மே என்று நிற்காமல் ஓடியது. பக்கத்துச் சந்துக்காரர்கள் வேடிக்கை பார்க்க வந்துவிட்டார்கள். “ஆட்டுக்கு விக்கலாண்ணே? தண்ணி குடுங்க” என்றார் ஒருவர். அதன் பிறகுதான் மாமா என் பக்கம் திரும்பி அந்தக் கேள்வியைக் கேட்டார். அடுத்த நாள் மாலை குடில்களைப் பார்த்துப் பரிசு கொடுக்க ஃபாதர் வருகிறார். மாமா ஊரெல்லாம் விட்ட வார்த்தையும் என் படிப்பின் மானமும் அந்த ஆட்டின் வாயில் இருந்தன.

காலையில் கல்லூரி லேபில் இணையத்தில் தேடினேன். எந்த ஊரிலோ ஒருவர் அதே கார்டை அதே மாதிரிப் பெட்டியில் மாட்டிவிட்டு என்னைப் போலவே புலம்பியிருந்தார். வீட்டுக் கம்ப்யூட்டர்களில் ஒரு ப்ராசசர் மட்டுமே இருந்த காலத்தில், அந்தக் கார்டை இயக்கும் மென்பொருளை எழுதியிருக்கிறார்கள். இரண்டு ப்ராசசரும் ஒரே நேரத்தில் கை வைத்தால் அது திணறி நின்றுவிடுமாம். ஒன்றை அணைத்துவிட்டால் போதும்.

மாமாவுக்கு இது பெரிய அவமானமாகப் பட்டது. “ரெண்டு மூளைன்னு எல்லார்கிட்டயும் சொல்லிட்டேன். இப்ப சும்னே காரணமில்லாம ஒண்ண எதுக்குத் தூங்க வெக்கணும்? ஆடு கத்தாட்டிப் பரவால்ல, விடு.”

அத்தை மேய்ப்பன் பொம்மைக்குத் துண்டு கட்டிக்கொண்டிருந்தார். தலை நிமிராமலே சொன்னார்: “நாமளும் புருஷன் பொண்டாட்டின்னு ரெண்டு பேருதான் இருக்கோம். வேல செய்றது ஒருத்தர்தான். குடும்பம் ஓடலையா?”

மாமா பெட்டியை ஒருமுறை தட்டிப் பார்த்தார். “அணைச்சாலும் உள்ளதான இருக்கும்?”

“உள்ளதான் இருக்கும் மாமா.”

“அப்போ ரெண்டுதான். அணை.”

அன்று மாலை ஃபாதர் குனிந்து பார்த்த நேரம் முழுக்க ஆடு பிசிறில்லாமல் கத்தியது. பரிசு என்னவோ தலையாட்டிய பொம்மைகளுக்குத்தான் போனது. ஆனால் ஃபாதர் சிரித்துக்கொண்டே “யாருங்க இந்த ஆடு?” என்று கேட்டபோது மாமா சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு முன்னால் வந்து நின்றதைப் பார்த்தவர்கள், பரிசு எங்களுக்குத்தான் என்று நினைத்திருப்பார்கள்.

சவுண்ட் கார்டுகளுக்கான மென்பொருளைச் சோதித்துப் பார்ப்பதுதான் இப்போது என் வேலை. என் சம்பளத்தில் இரண்டு ப்ராசசர் உள்ள பெட்டி ஒன்றை வாங்கி வீட்டில் வைத்திருக்கிறேன். போன வாரம் இரண்டையும் விழித்திருக்க விட்டு, மாமாவின் பழைய கத்தலை ஓட்டிக் காட்டினேன். ஒரு விக்கல்கூட இல்லை. முட்டி வலியால் மாமா இப்போது ஏணி ஏறுவதில்லை. இந்த வருடக் குடில் என் பொறுப்பு என்று சந்தில் நானே சொல்லிவிட்டேன். அவர் கீழே உட்கார்ந்து, அதே நட்சத்திர விளக்கின் ஒயரைப் பிரித்துக்கொண்டே கேட்டார்: “ஒட்டகம் வேற வெக்கப் போறியாமே. அதுக்கு யாரு கத்துவா? உன்னால ஆகுமா பாப்பா?”

கம்ப்யூட்டரில் அடுத்த ஒலியைத் தட்டினேன். ஒட்டகத்துக்காக முந்தின நாளே நானே கத்திப் பதிவு செய்து வைத்திருந்தேன்.