ஏசுதாசன் மாமா சொன்ன உண்மை

எனக்கு வந்த முதல் சம்பந்தத்தைக் கெடுத்தவர் என் அக்கா புருஷன் ஏசுதாசன். பதினாலு வருஷம் இதை நெஞ்சில் வைத்துக்கொண்டிருந்தேன். பொய் சொல்லிக் கெடுத்திருந்தால் ஒரு நாள் சட்டையைப் பிடித்திருப்பேன், தீர்ந்திருக்கும். மனிதர் உண்மையைச் சொல்லிக் கெடுத்தார். அதற்கு என்ன செய்வது?

தாம்பரம் ஸ்டேஷனில் டிக்கெட் கவுண்டரில் வேலை அவருக்கு. எனக்கு இரும்புலியூரில் லாரி பாடி கட்டும் பட்டறையில் வெல்டிங். அப்பா அம்மா போன பிறகு மேற்குத் தாம்பரத்தில் அக்கா அமலராணி வீட்டில்தான் கிடந்தேன். ஆறாவதோடு நின்றவன் நான். அவர் பேப்பரைக் கடைசிப் பக்கம் வரைக்கும் படிப்பவர். ஆனால் படிக்காதவன் என்று என்னை ஒரு நாளும் தாழ்த்திப் பேசியதில்லை.

அந்த வீட்டில் ஒரு சட்டம் இருந்தது. மாதத்தின் முதல் சனிக்கிழமை சாயங்காலம் எல்லோரும் கோவிலுக்குப் போய் ஃபாதரிடம் செய்த பாவங்களைச் சொல்லும் பாவசங்கீர்த்தனத்துக்கு வரிசையில் நிற்க வேண்டும். போகும் முன்பு வீட்டிலேயே ஒருவரிடம் ஒருவர் மன்னிப்புக் கேட்டுவிட வேண்டும். 'ஏதாவது தப்பு செய்திருந்தால்' என்று பொதுவாக இழுத்தால் விடமாட்டார். என்ன தப்பு என்று சொல்ல வேண்டும்.

"வீட்ல கேக்காம ஃபாதர் காதுல மட்டும் சொன்னா அது பாதிதான்" என்பார்.

மூத்தவள் ஞானஜோதிக்கு அப்போது எட்டு வயது. ஒரு சனிக்கிழமை அக்கா முன்னால் வந்து கைகட்டி நின்றாள்.

"அம்மா, நீ குடுத்த உப்புமாவ எதிர் வூட்டு நாய்க்குப் போட்டுட்டேன். மன்னிச்சிரு."

"நாய் தின்னுச்சா?"

"இல்லம்மா. மோந்து பாத்துட்டுப் போயிடுச்சி."

கடைசியில் அவரும் பிள்ளைகள் முன்னால் நிற்பார். "செவ்வாக்கிழமை ஆபீஸ் கோவத்த உன்கிட்ட காட்டிட்டேன் ஜோதி. மன்னிச்சிரும்மா" என்பார். தகப்பன் பிள்ளையிடம் இப்படிக் கேட்பதை நான் வேறெங்கும் பார்த்ததில்லை. பார்க்கக் கூச்சமாக இருக்கும். கூச்சம் வந்தால் எனக்குக் கிண்டல்தான் வரும்.

1982-ல் ஒரு சனிக்கிழமை பிள்ளைகளிடம் சொன்னேன்: "உங்க அப்பாவுக்கு ஏது பாவம்? வரிசைல நிக்கணுமேன்னு பக்கத்து வூட்ல ரெண்டு கேட்டு வாங்கினு போறாரு."

பிள்ளைகள் உருண்டு உருண்டு சிரித்தார்கள். அவரும் சிரித்தார்.

அடுத்த வாரம், பல்லாவரத்தில் எனக்குப் பேசி வைத்திருந்த பெண்ணின் அப்பா கவுண்டருக்கே வந்து அவரிடம் விசாரித்திருக்கிறார், பையன் குடிப்பானா என்று. "குடிப்பான். சம்பளத்தன்னிக்கு ரோட்டுலயே விழுந்து கெடப்பான்" என்று சொல்லிவிட்டார். சம்பந்தம் நின்றது. தரகர் வந்து நடந்ததைச் சொன்னதும் நான் வீட்டில் குதித்தேன்.

"ஒரே ஒரு பொய் சொன்னா இன்னா கொறஞ்சா பூடுவீங்க? மாசா மாசம் போய்க் கழுவிக்கத்தான் எடம் கீதே!"

"கேட்டாரு மச்சான். பொய் சொல்ல முடியல" என்றார். அவ்வளவுதான்.

அன்றே துணிமணியைச் சுருட்டிக்கொண்டு கூடுவாஞ்சேரிக்குப் போய்விட்டேன். பிறகு எனக்கு வேறு இடத்தில் கல்யாணம் ஆனது. குடியை விட்டேன். கோபத்தை விடவில்லை. ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் போவேன், ஃபாதர் நாக்கில் வைக்கும் நன்மை அப்பத்தை வாங்காமல் கடைசி வரிசையில் நின்றுவிட்டு வருவேன். பாவசங்கீர்த்தனத்துக்குப் போனால் இந்தக் கோபத்தைச் சொல்ல வேண்டும். சொன்னால் மன்னிக்கச் சொல்வார்கள். அதனால் போகவே இல்லை.

1996-ல் நுரையீரல் கெட்டு அவர் படுத்த படுக்கையானார். அக்கா ஆள் அனுப்பினாள். நான் போய்ச் சேர்ந்தது ஒரு முதல் சனிக்கிழமை. அவரே பிடிவாதமாக அக்காவையும் பிள்ளைகளையும் கோவிலுக்கு அனுப்பியிருந்தார். வீட்டில் அவரும் நானும்தான். அவரோடு நான் கடைசியாகப் பேசியது அன்றுதான்.

"மச்சான், அன்னிக்கு நான் சொன்னது உண்மைதான். ஆனா உண்மைக்காகச் சொல்லல. புள்ளைங்க முன்னாடி நீ கிண்டல் பண்ணது உள்ள குத்திகினே இருந்துச்சி. குடிப்பான்னு சொன்னாலே போதும். ரோட்டுல விழுந்து கெடப்பான்னு சேத்துச் சொன்னது உன்னை அடிக்கத்தான்."

"இத்தினி வருஷமா இத எந்தச் சாமியார்கிட்டயும் சொல்லலியா?"

"உண்மையச் சொல்றது பாவத்துல சேராதுன்னு நெனச்சிட்டேன். படுத்தப்புறம்தான் தெரியுது. நாளைக்கு ஃபாதர் வராரு. அவர்கிட்ட சொல்றதுக்கு முன்னாடி உன்கிட்ட கேக்கணும். மன்னிச்சிரு மச்சான்."

மன்னித்தேன் என்று சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்?

"இப்ப சொன்னா அது பொய்யா பூடும் மாமா" என்றேன்.

அவருக்குச் சிரிப்பு வந்தது. சிரிப்பு இருமலாகிவிட்டது. இருமல் அடங்கக் கொஞ்ச நேரம் ஆனது. பிறகு என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார்.

"பொய் வேணாம். ஒண்ணே ஒண்ணு செய். அடுத்த மாசம் உங்க அக்காவையும் பசங்களையும் நீ கூட்டிகினு போ. வெளிய நிக்காத, நீயும் வரிசைல நில்லு. 'அக்கா புருஷன் மேல கோவம் இன்னும் தீரல'ன்னு என்னைப் பத்தி அங்க சொல்லு."