நாகமணியின் கையும் கீரைப் பெட்டியும்

கீரை விதை கடுகைவிடச் சிறியது. அப்படியே தூவினால் ஒரே இடத்தில் கொட்டிவிடும். அதனால் நாகமணி ஒரு பிடி மணலில் விதையைக் கலந்து, கோலமாவு விடுவதுபோல் விரலிடுக்கில் விட்டுக்கொண்டிருந்தாள். கை மண்ணில் இருந்தது. வாய் என்னைத் திட்டிக்கொண்டிருந்தது.

"வேலைக்குப் போறவள உக்கார வச்சு மண்ணுல விளையாடச் சொல்றீங்க. நான் என்னா பாலர் பள்ளிப் பிள்ளையாக்கா?"

"கால நீட்டி வை" என்றேன்.

நாகமணிக்கு அறுபது தாண்டிவிட்டது. கோலசிலாங்கூர் பக்கம் எண்ணெய் எடுக்கும் செம்பனைத் தோட்டம் ஒன்றின் கன்றுப் பண்ணையில், பள்ளிக்கூடத்தை விட்ட நாளிலிருந்து வேலை. அங்கே கறுப்புப் பைகளில் கன்றுகள் வரிசையாக நிற்கும். பைக்கு ஒரு கன்று. பக்கத்தில் வேறு எது தலைகாட்டினாலும் கையால் பிடுங்க வேண்டும். மருந்து அடித்தால் கன்றும் சேர்ந்து செத்துப்போகும். குந்திக் குந்திப் பிடுங்கியதில் வலது முட்டி தேய்ந்துபோய், இந்த வருடம் அறுத்துப் புது முட்டி வைத்தார்கள். இனிமேல் குந்தவே கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். நான் முதியோர் பராமரிப்பில் பயிற்சி எடுத்தவள், இரண்டு வீடு தள்ளி இருக்கிறேன். முட்டிக்குத் தினமும் பயிற்சி கொடுக்கும்படி அவள் மகன் அகிலன் என்னிடம் கேட்டுக்கொண்டான்.

முட்டி ஒழுங்காகத்தான் தேறி வந்தது. ஆள்தான் அடங்கவில்லை. காலையில் பெண்களைத் தோட்ட வேலைக்கு ஏற்றிக்கொண்டு கொந்திராக் லோரி வாசலைத் தாண்டும்போது, கேட்டைப் பிடித்துக்கொண்டு நிற்பாள். லோரி, ஒப்பந்தத்துக்கு ஆள் எடுக்கும் இருசப்பனுடையது. அவர் ஹாரனை அடித்து, "ஒன் இடம் காலியாதான் இருக்கு நாகமணி" என்று ஆசை காட்டிவிட்டுப் போவார்.

அகிலனுக்குச் சுங்கை சோவில் தொழிற்சாலை வேலை, விடுமுறைக்குத்தான் வருவான். அம்மாவை வீட்டில் நிறுத்த அவன் கண்டுபிடித்த வழிதான் இந்தப் பெட்டி. பலகை அடித்து, கால் வைத்து, இடுப்பு உயரத்துக்கு மண் நிரப்பினான். நாற்காலியில் உட்கார்ந்தே காய்கறி போடலாம். நாகமணி பெட்டியை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்துவிட்டுத் தன் நிபந்தனையைச் சொன்னாள்.

"மாசக் கடைசி திங்கக்கிழம இருசப்பன் ஆள் எடுக்கறாரு. அன்னைக்கு இதுல பச்சை நின்னா நான் வீட்டோட இருக்கேன். வெறும் மண்ணா இருந்தா லோரி ஏறுறேன். அப்பறம் யாரும் வாயத் தொறக்கக் கூடாது."

கீரை முளைக்காமலா போகும் என்று நானும் தலையாட்டிவிட்டேன். அவள் சொன்னால் சொன்னதுதான். லோரி ஏறினால் குந்துவாள். குந்தினால் அந்த முட்டி தாங்காது.

தினமும் காலையில் பெட்டியைப் படமெடுத்து அகிலனுக்கு அனுப்புவது என் வேலை. முதல் விதைப்பு நன்றாகவே முளைத்தது. பச்சைப் புள்ளிகளைப் பார்த்து அவன் கைதட்டும் பொம்மைகளாக அனுப்பினான். மறுநாள் படத்தில் பாதியைக் காணோம். அதற்கு மறுநாள் மொட்டை மண்.

"காப்ரியல் வீட்டுக் கோழி" என்றாள் நாகமணி. ஊன்றுகோலைத் தட்டிக்கொண்டு வேலிக்குப் போனாள். காப்ரியல் பக்கத்து வீட்டுக்காரர். தேவாலயப் பாட்டுக்குழுவில் பாடுகிறவர். சண்டையிலும் குரல் உயராது.

"காப்ரியலண்ணே, கோழிக்கெல்லாம் சோறு போடறதில்லையா நீங்க?"

"என் கோழி ஒங்க வீட்டுப் பக்கமே வராதும்மா. ஒன் சத்தத்துல அதுங்க முட்ட போடறதையே நிறுத்திருச்சு."

"பின்ன யாரு தின்னது? நானா?"

"அத நான் எப்படி லா சொல்றது?"

இருந்தாலும் மனிதர் கோழிகளைக் கூண்டில் அடைத்தார். வெண்டிக்காய் விதையும் சேர்த்து மறுபடி விதைத்தோம். மறுபடி முளைத்தது. மறுபடி மறையத் தொடங்கியது. நான் போகும்போதெல்லாம் கோழிகள் கம்பிக்குப் பின்னாலிருந்து என்னை முறைத்தன.

கடைசித் திங்களுக்கு முந்தின நாள், ஞாயிறு. காலையில் படமெடுத்தபோது பெட்டியில் இன்னும் நிறைய முளை மிச்சமிருந்தது. மத்தியானம் கஞ்சி கொண்டுபோனபோது பாதிதான். நத்தை இரவில் தின்னும், கோழி கூண்டில். பட்டப்பகலில் தின்பது எது என்று பார்க்கச் சமையலறை ஜன்னலுக்குப் பின்னால் நின்றேன்.

நாகமணி பெட்டியை ஒட்டி நாற்காலியைப் போட்டுக்கொண்டு, சுங்கை ஆயர் தாவாரில் இருக்கும் தங்கை தனேஸ்வரியோடு போனில் பேசிக்கொண்டிருந்தாள். இடது கையில் போன். வலது கை பெட்டிக்குள் மேய்ந்துகொண்டிருந்தது. ஒரு முளையை வேரோடு எடுக்கும். இரண்டு உதறு உதறி மண்ணைத் தட்டும். மறுபடி ஊன்றிக்கொள்ளாதபடி, வேர் வெயிலைப் பார்க்கப் பலகையோரத்தில் வைக்கும். பிறகு அடுத்தது. கண் அந்தப் பக்கம் திரும்பவே இல்லை.

"ஒண்ணுமே வளர மாட்டேங்குது தனம்" என்று தங்கையிடம் புலம்பியபடி இன்னொன்றைப் பிடுங்கினாள். பேச்சு முடிந்ததும் குவியலை வழித்துக் குப்பை வாளியில் போட்டாள். அதையும் பார்க்காமல்தான்.

நான் போய் வாளியை எடுத்து அவள் மடியில் வைத்தேன்.

"இது என்னா?"

"புல்லு."

"நல்லாப் பாரு."

ஒன்றை எடுத்துத் திருப்பிப் பார்த்தாள். தடித்த இரண்டு இலை; வெண்டி முளை. 

"நானா?"

"நீதான்."

"சத்தியமா எனக்குத் தெரியலக்கா. கறுப்பு மண்ணுல பொடிசா பச்சை தெரிஞ்சா கை போயிருது."

நம்பினேன். கிளினிக்கில் காத்திருந்தபோது வாசல் பூத்தொட்டிகளைச் சுத்தம் செய்தவள், தாதி ஆசையாக நட்டிருந்த புதினாவையும் சேர்த்துச் சுத்தம் செய்தது அப்போதுதான் எனக்கு நினைவுக்கு வந்தது.

"அப்ப சரி" என்று வாளியைக் கீழே வைத்தாள். "இது புடுங்கற கை. நாளைக்கு லோரி ஏறுறேன்."

பெட்டியின் எதிர் மூலையில், உட்கார்ந்தபடி அவள் கை எட்டாத இடத்தில், நாலைந்து வெண்டி மட்டும் மிஞ்சி நின்றன. அவற்றைக் காட்டினேன். "பச்சை நின்னா வீடுன்னு சொன்ன. இது என்னா கலரு?"

"இதெல்லாம் ஒரு பச்சையா? சாம்பாருக்குக் காணாது."

"சாம்பாரப் பத்தி நீ ஒண்ணும் பேசல."

"காலைக்குள்ள அதையும் புடுங்கிருவேன்க்கா" என்றாள். மிரட்டவில்லை, உள்ளதைச் சொன்னாள்.

வீட்டுக்குப் போய் ஒரு ஜோடி கையுறை எடுத்து வந்தேன். மூக்குக் குழாயைப் பிடுங்கி எறியும் நோயாளிகளுக்குப் போடுவது. பஞ்சு வைத்து உருண்டையாக இருக்கும். போட்டால் விரலால் எதையும் கிள்ள முடியாது.

"என்னப் பைத்தியமாவே ஆக்கிட்டீங்க."

"பெட்டிப் பக்கம் வர்றப்ப மட்டும் போடு" என்று கட்டிவிட்டேன். காப்ரியலிடம் அவளே போய், கோழிமேல் குற்றமில்லை, திறந்துவிடுங்கள் என்றாள். நாலு செடிதானே மிச்சம், கோழியை அவ்வளவு தூரம் நம்ப முடியாது என்று அவர் மறுத்துவிட்டார்.

மறுநாள் காலையில் லோரி வந்து நின்றது. நாகமணி இரண்டு கையிலும் உறையோடு கேட்டருகே நின்றாள்.

"என்னா நாகமணி, யாரக் குத்தப் போற?" என்றார் இருசப்பன்.

நடந்ததை ஒளிக்காமல் சொன்னாள். லோரியிலிருந்த பெண்கள் நம்பவில்லை. பார்த்தே தீர வேண்டும் என்று நாலு பேர் இறங்கி வந்து பெட்டியைச் சூழ்ந்து குனிந்தார்கள். எல்லாரும் அதே பண்ணையில் பைக்குப் பை பிடுங்கியவர்கள். ஒருத்தி, "எங்க, காட்டு" என்று கேட்டுக்கொண்டே கையை நீட்டினாள். விரல்கள் தண்டின் அடிக்குப் போய்விட்டன.

நாகமணியின் உறை போட்ட கை அவள் மணிக்கட்டில் பொத்தென்று விழுந்தது.

"கைய எடு. அது வெண்டி."

இந்தப் பக்கம் இன்னொரு கை போனது. அதற்கும் ஒன்று விழுந்தது. நாகமணி ஊன்றுகோலை மறந்து, இரண்டு உறையையும் விரித்துக்கொண்டு பெட்டிக்குக் குறுக்கே நின்றாள். "பாத்தாச்சுல்ல? ஏறுங்க, ஏறுங்க."

"அப்ப நீ வரல?" என்றார் இருசப்பன்.

"நான் வந்துட்டா இத யாரு பாத்துக்கறது? இவளுங்களா?"

லோரி கிளம்பியது. நாகமணி உறைகளின் முடிச்சைப் பல்லால் கடித்து அவிழ்த்தாள். பிறகு நாற்காலியைக் கையெட்டாத தூரத்துக்குத் தள்ளிப் போடச் சொல்லி, அதில் உட்கார்ந்து, பயிற்சிக்குக் காலை நீட்டினாள்.