மச்சானின் கெண்டைக்கால்

போன மாதம் பாபநாசம் பக்கத்தில் இருக்கும் மச்சான் வீட்டுக்குப் போயிருந்தேன். என் மனைவியின் அண்ணன், அந்தோணிசாமி. வயது ஐம்பத்தெட்டு. "நடவு முடிஞ்சிருக்கு, வாங்க மாப்ள" என்று வரப்பில் கூட்டிப் போனார்.

ஐம்பது அடி நடப்பார். நிற்பார். இடுப்பில் கை வைத்துப் பயிரைப் பார்ப்பார். மறுபடி நடப்பார்... மறுபடி நிற்பார். என்ன அக்கறை என்று வியந்தேன். நான்காவது முறை நின்றபோதுதான் கவனித்தேன் – அவர் பார்த்துக்கொண்டிருந்தது பக்கத்துக்காரரின் தரிசு!

"என்ன மச்சான்?"

"ஒண்ணுமில்ல மாப்ள. கெண்டைக்கால் இழுத்துப் பிடிக்குது. ரெண்டு நிமிஷம் நின்னா விட்டுடும். வயசாச்சுல்ல."

வீட்டுக்கு வந்ததும் அவர் மனைவி லூர்து அக்கா என்னை ஓரமாக அழைத்தார். "அவரு வலது கால் சுண்டு விரலைப் பாருங்க தம்பி. நத்தை ஓடு கிழிச்சு ஒன்றரை மாசமாச்சு, ஆறவே இல்ல. ஆஸ்பத்திரின்னாலே கத்துறாரு."

பார்த்தேன். விரல் கறுத்திருந்தது.

மறுநாளே, அவர் கத்தக் கத்தத் தஞ்சாவூருக்குக் கூட்டிப் போனேன். ரத்தக்குழாய் டாக்டர் ஓர் இளம்பெண். கையில் பிரஷர் பார்த்தார், பிறகு கணுக்காலிலும் பார்த்தார். "கையில இருக்கறதுல பாதிகூட கால்ல இல்லைங்க. வழியில அடைப்பு."

"கொழுப்பாம்மா?"

"கொழுப்பு மட்டும் இல்லைங்க. ரத்தக்குழாய் சுவர்ல இருக்கற செல்லுங்க புரோட்டீன் மூலமாத்தான் சேதி அனுப்பிக்கும். காயம்னா ரத்தத்துல இருக்கற வெள்ளை அணுக்களை 'வாங்க'ன்னு ஒண்ணு கூப்பிடும். வேலை முடிஞ்சா 'போதும்'னு இன்னொண்ணு சொல்லும். வயசாக ஆக இந்தப் 'போதும்' குறையும். சிகரெட் புகை பட்டா 'வாங்க' நிக்கவே நிக்காது. வந்த அணுவெல்லாம் சுவர்லயே தங்கி, கொழுப்பும் சேர்ந்து, குழாய் குறுகிடும்."

"அப்ப வயசுதானே காரணம்?" மச்சான் விடவில்லை.

"வயசு கொஞ்சம்தான். சட்டையில சிகரெட் வாசனை வருதே, யார்கூட பிடிப்பீங்க?"

மச்சான் என்னைப் பார்த்தார். நான் காலண்டரைப் பார்த்தேன்.

பலூனால் அடைப்பை விரித்து ஸ்டென்ட் வைத்தார்கள். பாதம் தப்பியது. சுண்டு விரல் தப்பவில்லை. முன்பே வந்திருந்தால் அதுவும் தப்பியிருக்கலாமாம்.

டிஸ்சார்ஜ் அன்று மச்சான் கேட்டார்: "அந்தப் 'போதும்' புரோட்டீன மாத்திரையா குடுத்துடக் கூடாதாம்மா?"

"ஆராய்ச்சி நடக்குதுங்க. இப்போதைக்கு மாத்திரையை விடாதீங்க, சிகரெட்டை விடுங்க. புண் ஆறினதும் நடங்க. வலிச்சா நில்லுங்க, விட்டதும் நடங்க."

பம்ப் செட்டில் தண்ணீர் குறைந்தால் அன்றே மெக்கானிக்கைக் கூப்பிடுகிறோம். கால் மக்கர் பண்ணினால்? 'வயசு' என்று நாமே தீர்ப்பு எழுதிவிடுகிறோம். நியாயமா, சொல்லுங்கள்?

எனக்குச் சொல்ல வாயில்லைதான். முப்பது வருடமாக, ஒரே தீக்குச்சியில் இருவர் சிகரெட்டையும் பற்றவைத்தவன் நான்.

திரும்பும் வழியில் டீக்கடையில் சிகரெட் இல்லாமல் வெறும் டீ குடித்தேன். ருசியே இல்லை... குடித்துப் பழக வேண்டியதுதான்!